விளையாட்டுச் சமூகவியலை நம்பிப் பிழைக்க முடியுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: சமூகவியலில் இளங்கலை முடிக்கப் போகிறீர்கள், விளையாட்டு என்றால் உயிர், விளையாட்டுச் சமூகவியல் என்று ஒரு துறை இருப்பது இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது. அதில் மேற்படிப்பு படித்தால் வேலை கிடைக்குமா, எங்கே படிப்பது, பெரிதாக எந்த விளையாட்டும் ஆடியிராத ஒருவர் இதற்குள் வரலாமா, ஆய்வு நெறியாளருக்கு எப்படி எழுதுவது?

கிடைக்கும். ஆனால் ‘விளையாட்டுச் சமூகவியலாளர் தேவை’ என்று விளம்பரம் வரட்டும் என்று காத்திருந்தால் கிடைக்காது. இந்தத் துறையில் பிழைப்பவர்களில் பெரும்பாலானோர் வேறு ஏதோ ஒரு பெயர்ப்பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்: உடற்கல்வி, விளையாட்டு மேலாண்மை, பொதுச் சுகாதாரம், பாலின ஆய்வு, ஊடகவியல், ஏதாவது ஒரு கூட்டமைப்பின் கொள்கைப் பிரிவு. எந்தப் பலகையின் கீழ் உட்காரப் போகிறோம் என்பதை முதுகலையிலேயே யோசித்தவர்கள் ஓரளவு நிம்மதியாக இருக்கிறார்கள். பிஎச்டி முடித்த பிறகு யோசித்தவர்கள் வருடாவருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் துறை என்ன செய்கிறது என்பதில் ஒரு தெளிவு வேண்டும், ஏனென்றால் பலர் இதை விளையாட்டு உளவியலோடும் விளையாட்டு நிர்வாகத்தோடும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆட்டக்காரர் பெனால்டி அடிக்கப் போகும்போது பதறாமல் இருப்பது எப்படி என்பது உளவியலாளரின் கவலை. அந்த இடத்துக்கு யார் வந்து சேர்கிறார்கள், யார் வராமலே போகிறார்கள், ஏன் என்பது நம்முடையது. ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இருவர் 1970ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து அணிகளின் ஆட்டக்காரர் பட்டியலை எடுத்து, யார் எந்த இடத்தில் ஆடுகிறார் என்று எண்ணினார்கள், அவ்வளவுதான். மற்ற ஆட்டக்காரர்களோடு அதிகம் ஒருங்கிணைய வேண்டிய, ஆட்டத்தை வழிநடத்துகிற நடு இடங்களில் வெள்ளையர்கள் நிறைந்திருந்தார்கள், ஓரத்து இடங்களில் கறுப்பர்கள். அந்தப் பட்டியல்களில் ரகசியம் எதுவும் இல்லை, வாராவாரம் லட்சக்கணக்கான ரசிகர்கள் பார்த்துக்கொண்டிருந்ததுதான். அதைக் கேள்வியாக மாற்றியதுதான் அவர்கள் செய்த வேலை. அப்புறம் அதிலிருந்து அடுத்தடுத்த கேள்விகள் கிளைத்தன: ஓரத்தில் ஆடியவர்கள் பின்னால் பயிற்சியாளராக வருவது குறைகிறதா, சிறுவயதில் யார் அவர்களை அந்த இடத்துக்கு அனுப்பினார்கள், ‘இவன் வேகமானவன், ஓரத்தில் போடு’ என்று சொல்லும் பயிற்சியாளர் எதைப் பார்த்துச் சொல்கிறார்.

இந்த மாதிரிக் கேள்வி உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்கிறது என்றால் வாருங்கள். பிடித்த அணியைப் பற்றிப் பேசிக்கொண்டே சம்பளம் வாங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விளையாட்டு நிருபராகப் போவது நல்லது, அதில் குறைந்தபட்சம் போட்டிகளை இலவசமாகப் பார்க்கலாம்.

துறை சின்னது, வயதும் அதிகமில்லை. 1960களின் நடுவில்தான் சர்வதேச அளவில் ஒரு குழு அமைந்தது, அதுதான் இன்றைய சர்வதேச விளையாட்டுச் சமூகவியல் சங்கம். 1966ல் அதன் ஆய்விதழ் தொடங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஹாரி எட்வர்ட்ஸ் என்ற இளம் சமூகவியலாளர் மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டம் என்ற இயக்கத்தைத் தொடங்கினார், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோசும் நிறவெறியை எதிர்த்துப் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை அணிந்து கையை உயர்த்தி நின்றதற்குப் பின்னால் அந்த இயக்கம் இருந்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நார்பெர்ட் எலியாசும் எரிக் டன்னிங்கும் வேறொரு வழியில் போனார்கள், வன்முறை படிப்படியாக அடக்கப்பட்டு விதிகளுக்குட்பட்ட விளையாட்டாக மாறியது எப்படி என்று நூற்றாண்டுக் கணக்கில் பின்னோக்கிப் பார்த்தார்கள். ஆக, பிறந்த நாளிலிருந்தே இந்தத் துறைக்குள் தெருவில் இறங்கியவர்களும் நூலகத்தில் உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள், இருவருக்கும் இன்றுவரை முழுசாக ஒத்துப்போனதில்லை. நீங்கள் யார் பக்கம் என்று யாராவது கேட்பார்கள். அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ இந்தத் துறையின் நிலையைப் பற்றிச் சொன்னதன் சாரம் இது: சமூகவியலாளர்கள் இதை மட்டமாகப் பார்க்கிறார்கள், விளையாட்டுக்காரர்களோ வெறுக்கிறார்கள். இது இன்னும் பெருமளவு உண்மைதான், உங்கள் வேலைவாய்ப்பை நேரடியாகப் பாதிக்கிற உண்மையும்கூட. சமூகவியல் துறைகளில் ஒரு இடம் காலியானால் குடும்பம், தொழிலாளர், இடப்பெயர்வு, குற்றவியல் என்றுதான் ஆள் தேடுகிறார்கள். விளையாட்டைப் படித்தவரை எடுத்தால், அவர் இடப்பெயர்வையோ தொழிலாளரையோ படித்தவர் என்றும் சொல்லிக்கொள்ள முடிய வேண்டும். அதனால் பெரும்பாலான இடங்கள் உடலியக்கவியல் (கினிசியாலஜி), விளையாட்டு அறிவியல் துறைகளில்தான் இருக்கின்றன. அங்கே பக்கத்து அறையில் உடலியங்கியல் (பிசியாலஜி) ஆய்வாளர் ட்ரெட்மில்லும் ஆக்சிஜன் முகமூடியுமாக உட்கார்ந்திருப்பார், அவருக்கு வரும் ஆய்வு நிதியைப் பார்த்தால் நமக்குக் கண்ணைக் கட்டும். உங்களுக்குக் கிடைப்பது ‘விளையாட்டும் சமூகமும்’ என்ற ஒரு பாடம், பிசியோதெரபிஸ்டாகவோ பயிற்சியாளராகவோ ஆக வந்த பிள்ளைகளுக்கு. அவர்களில் பாதிப் பேர் ‘விளையாட்டில் அரசியல் எதற்கு’ என்ற முகத்தோடுதான் முதல் வகுப்புக்கு வருவார்கள். எனக்கு அந்த வகுப்பு பிடிக்கும். ஒத்துக்கொண்டவர்களிடம் பேசுவதைவிட ஒத்துக்கொள்ளாதவர்களிடம் பேசும்போதுதான் நம் வாதத்தின் ஓட்டை எங்கே என்று தெரிகிறது. பிடிக்காதவர்களுக்கு அது ஒவ்வொரு பருவமும் ஒரு தண்டனை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்கே படிப்பது? தரவரிசையைப் பார்க்காதீர்கள், நெறியாளரைப் பாருங்கள். இங்கிலாந்தில் லஃப்பரோ, ஜெர்மனியில் கொலோன் விளையாட்டுப் பல்கலைக்கழகம், ஆஸ்லோவில் நார்வே விளையாட்டு அறிவியல் கல்லூரி, கனடாவில் டொரன்டோ, நியூசிலாந்தில் ஒட்டாகோ, அமெரிக்காவில் மேரிலாந்து என்று இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் உண்டு. ஆனால் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவில் ஒருவர் ஓய்வுபெற்று இன்னொருவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் அந்த இடத்தின் புகழ் மட்டும்தான் மிஞ்சும். அதனால் உங்களுக்குப் பிடித்த நான்கைந்து கட்டுரைகளை எடுத்து, எழுதியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், இந்த வருடம் மாணவர் எடுக்கிறார்களா, அவர்களிடம் முன்பு படித்தவர்கள் இன்று என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கடைசிக் கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியம், அதை நேராகவே கேட்கலாம், நல்ல நெறியாளர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பண விஷயம். உதவித்தொகையோ சம்பளமோ இல்லாமல் இந்தத் துறையில் பிஎச்டி செய்யாதீர்கள். கடன் வாங்கிச் செய்து திருப்பிக் கட்டுகிற அளவுக்கு இதில் வருமானம் வராது. நார்வே போன்ற நாடுகளில் பிஎச்டி மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர், வட அமெரிக்காவில் பெரும்பாலும் பாடம் நடத்திக்கொண்டே படிப்பார்கள், பிரிட்டனில் நிதிக்கான போட்டி கடுமை. இந்த வேறுபாடு உங்கள் நான்கைந்து வருட வாழ்க்கையை முடிவு செய்துவிடும், பல்கலைக்கழகத்தின் பெயர் அவ்வளவு செய்யாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். விளையாட்டுப் பற்று எல்லாரிடமும் இருக்கிறது, அதற்குச் சந்தையில் விலை கிடையாது. விலை இருப்பது முறையியலுக்கு. ஒரு பக்கம் எண்களைக் கையாளத் தெரிய வேண்டும், இன்னொரு பக்கம் களத்தில் போய் நின்று மனிதர்களைக் கவனித்து எழுதத் தெரிய வேண்டும். இரண்டில் ஒன்றில் தேர்ச்சியும் மற்றதில் பழக்கமும் இருந்தால் எந்தப் பலகையின் கீழும் உட்காரலாம்.

எண்களுக்கு ஓர் உதாரணம்: மைக்கேல் மெஸ்னரும் பின்னாளில் ஷெரில் குக்கியும் மற்றவர்களும் லாஸ் ஏஞ்சல்ஸ் தொலைக்காட்சிகளின் விளையாட்டுச் செய்திகளைச் சுமார் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவு செய்து, பெண்கள் விளையாட்டுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினார்கள் என்று அளந்தார்கள். 1989ல் சுமார் 5 சதவீதம். 2019ல், ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டு அலைவரிசையின் செய்தி நிகழ்ச்சியையும் சேர்த்து, 5.4 சதவீதம். இடையில் முப்பது வருடத்தில் பெண்கள் ஆடுவது எவ்வளவோ பெருகியிருந்தது, செய்தி மட்டும் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. நேரத்தை அளந்ததோடு விட்டுவிடவில்லை, வர்ணனையாளரின் குரலையும் கவனித்தார்கள். பழைய கேலிப் பேச்சு பின்னாளில் குறைந்திருந்தது, அதற்குப் பதிலாகப் பெண்கள் ஆட்டத்தைச் சொல்லும்போது மட்டும் ஏதோ கணக்குப் பதிவேட்டை வாசிப்பதுபோல ஒரு உப்புச்சப்பற்ற தொனி வந்திருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இந்த இரண்டாவது விஷயம் தப்பிப் போயிருக்கும்.

களத்துக்கு உதாரணம் லோயிக் வக்கான். பிரான்சிலிருந்து சிகாகோவுக்கு முனைவர் பட்டம் செய்யப் போனவர், கறுப்பர் குடியிருப்பு ஒன்றைப் புரிந்துகொள்ள ஒரு சன்னல் கிடைக்குமா என்று தேடி 1988ல் ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் சேர்ந்தார். அதற்கு முன் கையுறை போட்டவர் அல்ல. மூன்று வருடம் அடி வாங்கி, குறிப்பெழுதி, கடைசியில் போட்டி மேடையிலும் ஏறினார். ‘பெரிதாக எதுவும் ஆடியதில்லை’ என்ற உங்கள் தயக்கத்துக்கு அவரே பதில். உள்ளே ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு வசதி உண்டு, கதவு சீக்கிரம் திறக்கும், ஆனால் எது விசித்திரம் என்பது அவர்கள் கண்ணில் படாது. உதாரணமாக, காயத்தோடு ஆடுவது. ஆடிப் பழகியவருக்கு அது இயல்பு. ராபர்ட் ஹியூஸும் ஜே கோக்லியும் 1991ல் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள்: வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு உடைந்த விரலோடு களத்தில் இறங்குகிறவர் விதியை மீறவில்லை, ‘விட்டுக்கொடுக்காதே, தியாகம் செய்’ என்ற விதியை அளவுக்கு மேல் கடைப்பிடிக்கிறார், அப்படியானால் ஊக்கமருந்தையும் ஒழுக்கக்கேடு என்று மட்டும் பார்த்தால் போதுமா? வெளியாள் கேட்கக்கூடிய கேள்வி இது.

களக்குறிப்பு எழுதுவது படித்து வருவதில்லை, செய்து பழக வேண்டும். சிறுவர்கள் பயிற்சி எடுக்கும் ஏதாவது ஒரு மைதானத்துக்குப் போங்கள், பயிற்சியாளரிடமும் பெற்றோரிடமும் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள், குழந்தைகள் இருக்கும் இடத்தில் இது கட்டாயம். ஆட்டத்தைப் பார்க்காதீர்கள். ஓரத்தைப் பாருங்கள். யாரைக் கொண்டுவந்து விட அப்பா அம்மா வருகிறார்கள், யார் தானாக வருகிறார்கள். காத்திருக்கும் பெற்றோர் யார் யாரோடு சேர்ந்து நிற்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் கோன்களையும் பந்துகளையும் பொறுக்கிப் பையில் போடுவது யார், தினமும் அதே இரண்டு மூன்று பேர்தானா. பயிற்சியாளர் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், யாரை ‘ஏய் தம்பி’ என்கிறார். எந்தப் பிள்ளை ஒரு மாதமாக வரவில்லை, அதை யாராவது கவனித்தார்களா. அன்றிரவே உட்கார்ந்து எழுதிவிடுங்கள், மறுநாள் எழுதினால் நினைவு கதையாக மாறிவிடும். குறிப்புப் புத்தகம் நிறைந்ததும் திரும்பப் படித்தால் அதில் ஒரு ஆய்வுக் கேள்வி கிடக்கும், நீங்கள் முதலில் நினைத்ததாக அது இருக்காது.

எண்கள் பக்கம் வந்தால், ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் மாதிரி ஏதாவது ஒன்றில் கருத்துக்கணிப்புத் தரவைக் கையாளப் பழகுங்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மக்கள் எவ்வளவு ஆடுகிறார்கள், நடக்கிறார்கள் என்று அரசு சார்ந்த அமைப்புகள் தொடர்ந்து கணக்கெடுக்கின்றன, ஐரோப்பிய ஒன்றியமும் அவ்வப்போது எடுக்கிறது. இந்தத் தரவைப் பிரித்து மேய்ந்து ‘எந்த வயதில், எந்த வருமானத்தில் பெண்கள் ஆடுவதை நிறுத்துகிறார்கள்’ என்று இரண்டு பக்கத்தில் எழுதத் தெரிந்தவருக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே வேலை இருக்கிறது. உண்மையில் வெளியே இருக்கும் வேலையில் பெரும்பகுதி இதுதான்: விளையாட்டு வாரியங்கள், நகராட்சிகள், சுகாதாரத் துறைகள், ஆலோசனை நிறுவனங்கள்.

இன்னொரு வகை வெளிவேலையும் உண்டு, அதற்குத் தோல் கொஞ்சம் தடிமனாக வேண்டும். சீலியா பிராக்கன்ரிட்ஜ், வலை கட்டிய கோலால் பந்தாடும் லக்ரோஸ் விளையாட்டில் இங்கிலாந்து அணியின் தலைவராக இருந்தவர். பயிற்சியாளர்கள் ஆட்டக்காரர்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவதைப் பற்றி 1980களிலிருந்து ஆராய்ந்தார், விளையாட்டு அமைப்புகள் நீண்ட காலம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2001ல் அங்கே விளையாட்டில் குழந்தைகள் பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவு அமைந்ததில் அவர் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்த் தன் உடலின் ஹார்மோன் அளவைக் காரணம் காட்டித் தடுத்த விதியை எதிர்த்து விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, பாலினமும் விளையாட்டும் பற்றி ஆராய்ந்த பயோஷ்னி மித்ரா அவருக்கு ஆலோசகராகத் துணை நின்றார், 2015ல் அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது. ரிச்சர்ட் லாப்சிக் அமெரிக்க லீக்குகளின் பணியமர்த்தலில் இனமும் பாலினமும் எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொரு லீக்குக்கும் ரேங்க் கார்டு போடுவதையே ஒரு நிறுவனமாக்கினார். இவர்களில் யாருக்கும் இந்த வேலையை யாரும் விளம்பரம் கொடுத்துத் தரவில்லை.

‘வளர்ச்சிக்கும் அமைதிக்கும் விளையாட்டு’ என்ற பெயரில் நிறைய தொண்டு நிறுவனங்கள் இயங்குகின்றன, இளம் பட்டதாரிகள் முதலில் ஓடுவது அங்கேதான். போகலாம், அனுபவம் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் குறுகிய காலத் திட்டப் பணி, நிதி நின்றால் வேலையும் நிற்கும். ஐக்கிய நாடுகள் சபையே இதற்கென்று வைத்திருந்த அலுவலகத்தை 2017ல் மூடிவிட்டது. அதைவிடச் சங்கடம், மதிப்பீட்டு அறிக்கை எழுதச் சொல்வார்கள், நன்கொடையாளருக்கு நல்ல செய்திதான் வேண்டும். பந்து கொடுத்தவுடன் பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று எழுதினால் அடுத்த திட்டமும் உங்களுக்கே வரும், அப்படியெல்லாம் ஆகவில்லை என்று எழுதினால் வராது. கிளப்புகளோடு வேலை செய்வதிலும் இதே சிக்கல்தான்: உள்ளே விடுவார்கள், வெளியிடும் முன் காட்டச் சொல்வார்கள். யார் திருத்தலாம், யார் திருத்தக்கூடாது என்பதைத் தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் நட்புதான் கெடும்.

படிக்கும் காலத்திலேயே செய்யக்கூடிய சில விஷயங்கள். நடுவர் பயிற்சி எடுத்து உள்ளூர்ப் போட்டிகளில் ஊதுங்கள். ஆட்டக்காரர், பயிற்சியாளர், பெற்றோர், நிர்வாகி என்று எல்லாரும் திட்டும் ஒரே ஆள் நடுவர்தான், இதைவிடச் சிறந்த கவனிப்பு இடம் எனக்குத் தெரியவில்லை. சர்வதேசச் சங்கமும் வட அமெரிக்கச் சங்கமும் மாணவர் கட்டுரைக்குப் பரிசு வைத்திருக்கின்றன, முதுகலையில் எழுதுவதைக் கொஞ்சம் செதுக்கி அனுப்பிப் பாருங்கள். துறை சின்னது என்பதால் ஒரு மாநாட்டிலேயே நீங்கள் படித்த பாதிப் பெயர்களைத் தேநீர் வரிசையில் பார்த்துவிடலாம், பெரிய துறைகளில் இது நடக்காது. அப்புறம் மொழி. இந்த ஆய்விதழ்களில் பெரும்பகுதி ஆங்கிலம், அதில் தெளிவாக எழுதப் பழகித்தான் ஆக வேண்டும். ஆனால் ரசிகர் பக்கங்களின் சண்டை, பழைய செய்தித்தாள், நேர்முக வர்ணனை என்று உங்கள் தாய்மொழியில் கிடப்பதை அந்த ஆய்விதழ்களின் ஆசிரியர்களில் அனேகமாக யாரும் படித்ததில்லை. அந்த மொழி தெரிந்ததை ஒரு குறையாக நினைக்கும் மாணவர்கள் ஏனோ நிறைய இருக்கிறார்கள். அதுதான் உங்கள் மூலதனம்.

கடைசியாக, நெறியாளருக்கு எப்படி எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். ‘சிறுவயது முதலே எனக்கு விளையாட்டில் ஆர்வம்’ என்று தொடங்காதீர்கள், அந்த வரியை அவர் ஏகப்பட்ட முறை படித்திருப்பார். உங்கள் கேள்வி இரண்டு வரியில், அவருடைய எந்தக் கட்டுரையோடு அது உரசுகிறது என்பது இரண்டு வரியில், எந்தக் களத்துக்கு அல்லது எந்தத் தரவுக்கு உங்களுக்கு வழி இருக்கிறது, எந்த முறை தெரியும், நிதிக்கு என்ன யோசனை, அவ்வளவு போதும். நீங்கள் எழுதியதில் சிறந்த பத்துப் பக்கத்தை இணைத்து அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் வராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு எழுதுங்கள்.